ரிமோட்டுக்குள் ரிமோட்: ஜம்ப் சர்வர் நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

லேப்டாப்பிலிருந்து ஜம்ப் சர்வர் (உள்ளே இருக்கும் சர்வர்களுக்குப் போக நடுவில் நிற்கும் கணினி), அங்கிருந்து டேட்டாபேஸ் சர்வர். வேறொரு கணினியின் திரையை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப், ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றாக இரண்டு. எது கோளாறு செய்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அழுத்திய விசையை எந்த அடுக்கு விழுங்கியது என்பதை.

கன்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் லேப்டாப்போடு நின்றுவிடும். கன்ட்ரோல்+ஆல்ட்+எண்ட் ஜம்ப் சர்வர் வரை போகும், அதைத் தாண்டாது. லேப்டாப்பில் ஓடும் கிளையன்ட் (ரிமோட் இணைப்பை ஏற்படுத்தும் நிரல்) அதைப் பிடித்து 'டெலீட்' ஆக்கி அனுப்பிவிடுவதால், உள்ளே ஓடும் கிளையன்டுக்கு 'எண்ட்' போய்ச் சேர்வதே இல்லை. கடைசி சர்வரில் பாஸ்வேர்டு மாற்ற வேண்டுமானால் அங்கேயே ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறக்க வேண்டும். கையில் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்தியபடி, திரையில் உள்ள டெலீட்டை மவுஸால் சொடுக்கினால் போதும்.

ஆல்ட்+டேப் தனி வழக்கு. இணைப்பு அமைப்பில் 'லோக்கல் ரிசோர்சஸ்' பக்கத்தில், விண்டோஸ் விசைகள் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கு மூன்று தேர்வுகள் உண்டு: இந்தக் கணினி, ரிமோட் கணினி, முழுத்திரையில் மட்டும் ரிமோட். இந்த அமைப்பைச் சேமிக்கும் ஆர்டிபி கோப்பில் இவை முறையே 0, 1, 2. இரு அடுக்கிலும் 2 வைப்பதே நல்லது. வெளி செஷன் (லேப்டாப்–ஜம்ப் சர்வர் இணைப்பு) முழுத்திரை, உள் செஷன் (ஜம்ப் சர்வர்–டேட்டாபேஸ் சர்வர் இணைப்பு) சாதாரண ஜன்னல் என்றால் ஆல்ட்+டேப் ஜம்ப் சர்வருக்குள் சுற்றும். உள் ஜன்னலைப் பெரிதாக்கும் பொத்தானால் முழுத்திரையாக்கியதும் அது கடைசி சர்வருக்குப் போய்விடும். கன்ட்ரோல்+ஆல்ட்+பிரேக்கை இதற்கு நம்ப வேண்டாம், அது வெளி செஷனைத்தான் சுருக்கும்.

இரண்டும் முழுத்திரையானால் மேலே உள்ள இரண்டு கனெக்‌ஷன் பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் இழுத்து வைத்துவிடுங்கள். தவறான பெருக்கல் குறியைச் சொடுக்குவதில் பாதி இதோடு ஒழியும்.

ஜூன் 3, செவ்வாய்

எந்த சர்வரில் நிற்கிறோம் என்று தெரியாமல் ரீஸ்டார்ட் கொடுப்பதுதான் இந்த வேலையின் பெரிய விபத்து. பிஜிஇன்ஃபோ என்ற சிறு நிரலைப் போட்டு சர்வர் பெயரை வால்பேப்பரில் எழுதுவார்கள். ஆனால் வேகத்துக்காக 'எக்ஸ்பீரியன்ஸ்' பக்கத்தில் டெஸ்க்டாப் பின்னணியை அணைத்திருந்தால் அந்த எழுத்தும் சேர்ந்து மறையும். எனவே ரீஸ்டார்ட்டுக்கு முன் கமாண்ட் ஜன்னலில் 'ஹோஸ்ட்நேம்' அடித்துப் பார்ப்பதே நிச்சயம். இரண்டு நொடி வேலை.

ஜூன் 5, வியாழன்

காப்பி செய்தது உள்ளே பேஸ்ட் ஆகவில்லை. கிளிப்போர்டைத் தூக்கிச் செல்வது ஆர்டிபிகிளிப் என்ற சிறு நிரல். ஜம்ப் சர்வரில் ஒன்றும் கடைசி சர்வரில் ஒன்றுமாக இரண்டு ஓடுகின்றன, ஏதாவது ஒன்று படுத்தாலும் சங்கிலி அறும். எது படுத்தது என்று அறிய, ஜம்ப் சர்வரின் நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். அங்கேயே வரவில்லையா, குற்றவாளி அங்கேதான். டாஸ்க் மேனேஜரில் அந்த நிரலை முடித்துவிட்டு, ரன் பெட்டியில் அதன் பெயரை அடித்து மீண்டும் ஓட்டினால் சரியாகும். லாகாஃப் தேவையில்லை.

ஃபைல் விஷயத்தில் இன்னொரு மயக்கம். கடைசி சர்வரில் 'டிஎஸ்கிளையன்ட்' என்ற பெயரில் தெரியும் சி டிரைவ் லேப்டாப்பினுடையது அல்ல, ஜம்ப் சர்வரினுடையது. ஒவ்வொரு சர்வருக்கும் தன்னை நேரடியாகத் தொட்டவர்தான் கிளையன்ட். ஃபைலை முதலில் ஜம்ப் சர்வருக்கு இறக்கி, பிறகு உள்ளே தள்ள வேண்டும். முடிந்ததும் நடுவில் கிடக்கும் பிரதியை அழிக்க மறக்கக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

உள் திரை மந்தம். கடைசி சர்வர் அனுப்பும் படத்தை ஜம்ப் சர்வர் பிரித்து வரைந்து, மறுபடி சுருக்கி லேப்டாப்புக்கு அனுப்புகிறது. ஒரே படத்துக்கு இரட்டை வேலை. வெளி செஷன் 1920×1080 என்றால் உள் செஷனுக்கு 1600×900 கொடுங்கள். ஜன்னலின் அளவுக்குப் படத்தை மாற்றும் ஸ்மார்ட் சைசிங்கை உள்ளே போடாதீர்கள், எழுத்து மங்கும்.

ஜூன் 9, திங்கள்

வெளி செஷனை டிஸ்கனெக்ட் செய்தால் உள் செஷன் அறுவதில்லை. ஜம்ப் சர்வரில் கிளையன்ட் ஓடிக்கொண்டே இருப்பதால், கடைசி சர்வரில் 'குயூசர்' (யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை) அடித்தால் ஆளில்லாத செஷன் 'ஆக்டிவ்' என்றே காட்டும். ஜம்ப் சர்வரை லாகாஃப் செய்தாலும் உள் செஷன் 'டிஸ்கனெக்டட்' ஆகுமே தவிர முடியாது. விண்டோஸ் சர்வரில் நிர்வாகத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு செஷன்தான், இப்படி இரண்டு பேர் விட்டுப்போனால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்பார். பாஸ்வேர்டை மாற்றியபின் கணக்கு அடிக்கடி லாக் ஆனாலும் இத்தகைய பழைய செஷன்களைத் தேடுங்கள். டொமைன் கன்ட்ரோலரின் (கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரின்) செக்யூரிட்டி லாகில் 4740 என்ற நிகழ்வு, எந்தக் கணினியிலிருந்து லாக் ஆனது என்று சொல்லிவிடும்.

லாகாஃப் எப்போதும் உள்ளிருந்து வெளியே.

ஜூன் 11, புதன்

ஜம்ப் சர்வரில் எஸ்எஸ்ஹெச் (மறையாக்கத்தோடு இன்னொரு கணினிக்கு இணைக்கும் வழி) இருந்தால் இந்த அடுக்கே வேண்டாம். லேப்டாப்பின் 13389 போர்ட்டை டேட்டாபேஸ் சர்வரின் 3389-க்கு டனல் செய்து (எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள் கடத்தி), லோக்கல்ஹோஸ்ட் (அதாவது லேப்டாப்பே) 13389-க்கு இணைத்தால் ஒரே செஷன்தான். விண்டோஸ் 10-இன் 2018 பதிப்புகளிலிருந்து எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் கூடவே வருகிறது. சான்றிதழில் உள்ள பெயரும் லோக்கல்ஹோஸ்ட்டும் பொருந்தாததால் எச்சரிக்கை வரும். உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையும் அந்தப் பெயரில் வேலை செய்யாது. அதன் பழைய மாற்றான என்டிஎல்எம்-ஐ அடைத்த இடத்தில் உள்நுழைவே தோற்கும்.

ஆனால் ஜம்ப் சர்வரில் செஷன் பதிவு செய்யும் அலுவலகத்தில், அந்தப் பதிவுக்காகவே அதை நடுவில் வைத்திருப்பார்கள். அங்கே டனல் போடுவது விதிமீறல், கேட்காமல் போடாதீர்கள். முறையான மாற்று ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே (இணைப்பை வாங்கி உள்ளே இருக்கும் சர்வருக்குக் கடத்தும் சர்வர்), 443 போர்ட் வழியாக. அதை நிறுவச் சொல்லி டிக்கெட் போட்டாயிற்று.