பெயர் போயிற்று, இடம் வரவில்லை

இரவு ஷிஃப்டில் இருந்த தம்பி பதற்றமாகக் கூப்பிட்டான். "அண்ணே, டிஸ்க் ஃபுல். பெரிய லாக் ஃபைலை அழிச்சிட்டேன். அப்பவும் நூறு சதவீதம்னே காட்டுது. ரீபூட் பண்ணிடவா?"

பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் ஆலை இரவிலும் ஓடும். அந்த சர்வரை ரீபூட் செய்தால் டெஸ்ட் லைன் முழுக்க நின்றுவிடும். "கை வைக்காதடா" என்றேன்.

லினக்ஸில் ஆர்எம் கட்டளை ஃபைலின் பெயரைத்தான் கோப்பகத்திலிருந்து எடுக்கிறது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் குடியிருப்பவர் காலி செய்துவிட்டதாக ஆகுமா? ஃபைலின் உண்மையான பதிவு ஐநோடு. அதற்கு எத்தனை பெயர்கள் என்று ஒரு கணக்கு உண்டு. எத்தனை பேர் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் நினைவகத்தில் இன்னொரு கணக்கு வைத்திருக்கும். இரண்டும் பூஜ்யமானால்தான் இடம் திரும்பும். லாக் எழுதும் புரோகிராம் இன்னும் பிடியை விடவில்லை. பெயர்களைத் தேடிப்போய்க் கூட்டும் டியூ கட்டளை ஒன்று சொல்ல, ஃபைல் சிஸ்டத்தையே கேட்கும் டிஎஃப் கட்டளை வேறொன்று சொல்வது இதனால்தான்.

திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையைப் போட்டு, 'டெலிட்டட்' என்று வரும் வரியைப் பார்க்கச் சொன்னேன். புரோகிராமின் எண் கிடைத்ததும் ஓடும் புரோகிராம்களின் விவரம் இருக்கும் ப்ராக் கோப்பகத்தில், அது திறந்து வைத்த ஃபைலுக்கான எண்ணான எஃப்டி வழியாகவே ஃபைலைப் பூஜ்யத்துக்கு வெட்டினான். இடம் உடனே வந்தது. ஒரு சங்கதி: எப்போதும் ஃபைலின் கடைசியில் சேர்க்கும் அப்பெண்ட் முறையில் திறக்காத புரோகிராம் விட்ட இடத்திலிருந்தே எழுதும். ஃபைல் பெரிதாகத் தெரியும், ஆனால் முன்பகுதி வெறும் ஓட்டை, டிஸ்கில் இடம் பிடிக்காது.

தம்பிக்கு இது கோளாறாகப் பட்டது. எனக்கோ பிடித்த ஏற்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் லைப்ரரியை அப்டேட் மாற்றினாலும் அது பழையதையே பிடித்துக்கொண்டு பிழைக்கிறது. தற்காலிக ஃபைலைத் திறந்த கையோடு பெயரை அழித்துவிடுவது பழைய யூனிக்ஸ் வழக்கம். புரோகிராம் செத்தாலும் குப்பை மிஞ்சாது. 2013இல் வந்த லினக்ஸ் 3.11 பெயரே இல்லாமல் ஃபைல் உருவாக்கவும் வழி தந்தது.

நடுவில் மின்சாரம் போனால்? இடி மழையில் இங்கே அதுவும் நடக்கும். பெயர் போயும் விடுபடாத ஐநோடுகளை இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் டிஸ்கிலேயே அனாதைப் பட்டியலாகக் குறித்து வைக்கிறது. அடுத்த முறை அந்த ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்து இணைக்கும்போது கெர்னல் அவற்றைத் துடைத்துவிடும்.

அப்போதும் இடம் காலி என்ற குறிப்புதான் மாறும்; பழைய எழுத்துகள் டிஸ்கில் அப்படியே கிடக்கலாம். எஸ்எஸ்டியாக இருந்தால் டிரிம் என்ற கட்டளை போய்ச் சேர்ந்த பிறகுதான், இந்த பிளாக்குகள் இனி வேண்டாம் என்பது அதற்கே தெரியும்.