ஒரு சொற்றொடருக்குள் ஓராண்டு

முன்னணிப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைச் சட்டப் படிப்பை முடித்துவிட்டேன் என்று சொன்னவுடன், அந்தப் பல்கலைக்கழகத்தில் எப்படி இடம் கிடைத்தது என்றுதான் பெரும்பாலானோர் கேட்கிறார்கள். அங்கே என்ன படித்தேன் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இடம் கிடைத்த கதையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. மதிப்பெண் பட்டியல், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், நான் எழுதிய கட்டுரை ஒன்று, இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறேன் என்று விளக்கும் ஒரு பக்கம் ஆகியவற்றை அனுப்பினேன், சில மாதங்கள் காத்திருந்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு பக்கத்தில், நெருக்கடிக் காலங்களில் தனிமனித உரிமைக்கு நீதிமன்றங்கள் தரும் பாதுகாப்பை உலகளாவிய நோக்கில் ஆராயப் போவதாகச் சற்றும் கூச்சமில்லாமல் எழுதியிருந்தேன். படிப்பின் முடிவில் நான் ஒப்படைத்த ஆய்வேடு ஒரே ஒரு சொற்றொடரைப் பற்றியது. அந்தப் பெரிய தலைப்பு எப்படி இவ்வளவு சிறியதாகச் சுருங்கியது என்பதே, நான் அங்கே படித்தது என்ன என்ற கேள்விக்கும் விடை.

படிப்பின் பெயரைப் பற்றி முதலில் சில சொற்கள். எல்எல்.எம். என்பதில் இரண்டு எல் வருவது, லத்தீனில் பன்மையைக் குறிக்க எழுத்தை இரட்டிக்கும் பழைய வழக்கத்தால். அதற்குச் 'சட்டங்களின் முதுவர்' என்று பொருள். ஆக்ஸ்ஃபோர்டில் இதற்கு இணையான படிப்புக்கு இன்றும் பி.சி.எல். என்று இளநிலைப் பட்டத்தின் பெயர்தான். முந்தைய தீர்ப்புகளை முன்மாதிரியாகக் கொள்ளும் ஆங்கிலப் பொதுச் சட்ட மரபுக்கு வெளியே பயின்று வருபவர்களுக்கு அங்கே எம்.ஜூர். என்று வேறு பட்டம், ஆனால் இரு தரப்பினரும் ஒரே வகுப்பில்தான் அமர்கிறார்கள். கேம்பிரிட்ஜ் 1982 வரை தன் முதுநிலைப் பட்டத்தை எல்எல்.பி. என்றே அழைத்துவந்தது. பெயர் எதுவாக இருந்தாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஓராண்டுக் காலம், விரும்பித் தேர்ந்தெடுக்கும் சில பாடங்கள், தேர்வுகள், பல இடங்களில் ஓர் ஆய்வேடு. ஓராண்டு என்பது காகிதத்தில்தான்; விடுமுறைகளைக் கழித்துவிட்டால் வகுப்பு நடக்கும் வாரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

முதல் கட்டுரைக்கு எனக்கு 58 மதிப்பெண் கிடைத்தது. எழுபதைத் தொட்டால் உயர் சிறப்பு என்று வைத்துக்கொள்ளும் முறையில் 58 என்பது தோல்வியில்லை. ஆனாலும் இளநிலைப் படிப்பில் பதக்கம் வாங்கியவனுக்கு அது கன்னத்தில் விழுந்த அறைதான். கட்டுரையின் ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்த குறிப்பு அதைவிட உறைத்தது. நான் பதினாறு வழக்குகளை மேற்கோள் காட்டியிருந்தேன். அவற்றில் எத்தனையை முழுமையாகப் படித்தீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். உண்மையான விடை இரண்டு. மற்ற பதினான்கும் பாடநூல்களின் வழியாகவும் தீர்ப்பின் தலைப்பில் சுருக்கமாக அச்சிடப்படும் தலைக்குறிப்புகளின் வழியாகவும் எனக்கு அறிமுகமானவை. இளநிலைப் படிப்பில் அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, வழக்கறிஞர் தொழிலிலும் கேட்டதில்லை. யார் வென்றார், எந்த விதி நிலைநாட்டப்பட்டது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவதே எங்கள் பழக்கம்.

அந்தப் பழக்கம் உடைந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒப்பீட்டு அரசமைப்புச் சட்டக் கருத்தரங்கின் நான்காவது வாரம் அது. பன்னிரண்டு பேர் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தோம். அந்த வாரத்துக்குக் குறிக்கப்பட்டிருந்தது ஒரே ஒரு வழக்கு, 1941இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த லிவர்சிட்ஜ் எதிர் ஆண்டர்சன். போர்க்காலப் பாதுகாப்பு விதிகளில் 18பி என்ற விதி, ஒருவர் பகைவரோடு தொடர்புடையவர் என்று 'நம்புவதற்கு நியாயமான காரணம்' உள்துறை அமைச்சருக்கு இருக்குமானால் அவரை விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம் என்றது. 1940இல் அப்படிப் பிடித்து வைக்கப்பட்ட ராபர்ட் லிவர்சிட்ஜ், தன்னைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாக அமைச்சர் சர் ஜான் ஆண்டர்சன் மீது வழக்குத் தொடுத்து, அந்த நியாயமான காரணம் என்ன என்ற விவரங்களைத் தரும்படி கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். விடுதலையைக்கூட அந்தக் கட்டத்தில் கேட்கவில்லை. அமைச்சர் நல்லெண்ணத்தோடு, காரணம் இருப்பதாகக் கருதினாலே போதும், நீதிமன்றம் அதற்குமேல் துருவிப் பார்க்க முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்த்தார்கள். ஆட்கின் பிரபு ஒருவர் மட்டும் மறுத்தார். புட்டியில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட நத்தையின் வழக்கில் 'அயலார் யார்' என்று கேட்டுக் கவனக்குறைவுச் சட்டத்தையே மாற்றி எழுதிய அதே ஆட்கின்தான்.

அவருடைய வாதம் பெரிய தத்துவம் எதையும் நம்பி நிற்கவில்லை, இலக்கணத்தை நம்பி நின்றது. ஒருவருக்குக் கணுக்கால் முறிந்திருந்தால் என்பதற்கு, முறிந்திருப்பதாக அவர் நினைத்தால் என்று ஒருநாளும் பொருள் ஆகாது என்றார். அதைப் படித்த இரவில், புரிகிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காக அந்த விதியைப் பக்கத்தின் ஓரத்தில் தமிழில் எழுதிப் பார்த்தேன். முதலில் 'நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்' என்று எழுதினேன். பிறகு நான்கு நீதிபதிகளின் பொருளை எழுத முயன்றபோது, அதே சொற்கள் இடம் மாறி 'நியாயமான காரணம் இருப்பதாக நம்பினால்' என்று வந்து நின்றன. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக ஓடிய சண்டை தமிழில் வினைமுடிவு எங்கே விழுகிறது என்பதில் தீர்ந்துபோயிற்று. 'இருந்தால்' என்று முடிந்தால், இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் பொறுப்பு நீதிபதிக்கு உண்டு. 'நம்பினால்' என்று முடிந்தால் எல்லாமே அமைச்சரின் நெஞ்சுக்குள் போய்விடுகிறது, வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. தாய்மொழியில் சட்டம் படிக்காதது பற்றி எனக்கு எப்போதும் ஒரு குறை இருந்தது. அது பயன்பட்ட இடம் இது ஒன்றுதான், ஆனால் நன்றாகவே பயன்பட்டது.

மறுநாள் கருத்தரங்கில் இதைச் சொல்ல நான் துடித்துக்கொண்டிருந்தபோது, பிரெஞ்சு மரபில் பயின்ற வகுப்புத் தோழி ஒருவர் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து தொடங்கினார். தோற்றுப்போன நீதிபதியின் கருத்தை ஏன் அச்சிடுகிறீர்கள் என்று கேட்டார். பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமான கூர் து கசாசியோன் மாறுபட்ட தீர்ப்புகளை வெளியிடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் வெளியிடுவதில்லை. தீர்ப்பு என்பது நீதிமன்றத்தின் ஒரே குரல், யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது அறைக்குள் முடிந்துவிட வேண்டிய விஷயம் என்பது அவருடைய மரபு. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த நண்பர், தங்கள் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்திலும் 1970இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் மாறுபட்ட கருத்தை வெளியிடும் வழக்கம் வந்தது என்றார். காற்றைப்போல இயல்பானது என்று நான் நினைத்திருந்த ஒன்று, உலகின் பாதி நீதிமன்றங்களுக்கு விசித்திரமாகத் தெரிகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். முன்னணிப் பல்கலைக்கழகம் என்பதன் மதிப்பு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், புகழ்பெற்ற பேராசிரியர்களுக்கு முன்பாக இப்படிப்பட்ட வகுப்புத் தோழர்களைச் சொல்வேன். ஹார்வர்டின் எல்எல்.எம். வகுப்பில் ஆண்டுக்குச் சுமார் 180 பேர் பல நாடுகளிலிருந்து வந்து சேர்கிறார்கள். எங்கள் வகுப்பு அதைவிடச் சிறியது, ஆனால் கலவை அதே மாதிரிதான்.

தலைப்பு சுருங்கிய கதைக்கு வருகிறேன். ஆய்வேட்டு நெறியாளரை முதன்முதலாகச் சந்தித்தபோது, 'நெருக்கடி நிலையும் தனிமனிதச் சுதந்திரமும்' என்ற என் முன்மொழிவை அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, இதற்கு விடை என்று ஒன்று கிடைத்தால் அது எந்த வடிவில் இருக்கும் என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தச் சட்டம், எந்தச் சொல் என்று கேட்டுக்கொண்டே வந்தவர், ஒவ்வொரு கேள்விக்கும் என் முன்மொழிவின் ஒரு பத்தியைப் பென்சிலால் அடித்துக்கொண்டு போனார். கடைசியில் மிஞ்சியது ஒரு வாக்கியத்தில் பாதி. பன்னிரண்டாயிரம் சொற்களில் ஒரு நேர்மையான விடையைச் சொல்ல வேண்டுமானால், கேள்வி ஒரு தீக்குச்சியளவுதான் இருக்க முடியும் என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. என் ஆர்வத்தை அவர் நறுக்கிப் போட்டுவிட்டதாக நினைத்து இரண்டு வாரம் அவருடைய மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை. இந்தப் படிப்பில் வீணாக்கிய நேரங்களில் நான் மிகவும் வருந்துவது அந்த இரண்டு வாரங்களுக்காகத்தான்.

லிவர்சிட்ஜ் தீர்ப்பின் சொற்றொடர் 1941க்குப் பிறகு எங்கெல்லாம் போயிற்று என்று பின்தொடர்வது என்று முடிவாயிற்று. அது முதலில் வந்து சேர்ந்த இடம் என்னைத் திகைக்க வைத்தது: இலங்கையின் ஜவுளிக் கட்டுப்பாட்டு விதிகள். ஒரு வணிகர் தொடர்ந்து வணிகம் செய்யத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஜவுளிக் கட்டுப்பாட்டாளர் அவருடைய உரிமத்தை ரத்துச் செய்யலாம் என்று அங்கே ஒரு விதி இருந்தது. நக்குடா அலி எதிர் ஜெயரத்ன என்ற அந்த வழக்கு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த, லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில்வரை போனது. ராட்கிளிஃப் பிரபு, இந்தச் சொற்கள் வரும் இடமெல்லாம் லிவர்சிட்ஜின் பொருளையே கொள்ள வேண்டியதில்லை, நியாயமான காரணம் மெய்யாகவே இருக்க வேண்டும் என்றார். கடைசியில் வணிகர் வேறொரு காரணத்தால் தோற்றுவிட்டார் என்பது தனிக் கதை. போர்க்களத்துக்காகச் சொல்லப்பட்ட ஒரு பொருள் துணிக்கடையில் உடையத் தொடங்கியது என்று நான் ஆய்வேட்டில் எழுதினேன்; அலங்காரம் வேண்டாம் என்று நெறியாளர் அதையும் அடித்துவிட்டார்.

பிறகு 1963இல் ரீட் பிரபு லிவர்சிட்ஜை மிக விசித்திரமான தீர்ப்பு என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். 1979இல் ராஸ்மின்ஸ்டர் வழக்கில் டிப்லாக் பிரபு வெளிப்படையாகவே, அன்றைய பெரும்பான்மை தவறு, அந்தச் சூழலில் அது மன்னிக்கத்தக்க தவறாக இருந்திருக்கலாம், ஆட்கினே சரி என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில், 1976 ஏப்ரலில், இந்திய உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கைத் தீர்த்தது. நெருக்கடி நிலையின்போது காவலில் வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை அணுக முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள், எச்.ஆர். கன்னா ஒருவர் மறுத்தார். பெரும்பான்மைத் தரப்பு லிவர்சிட்ஜையும் துணைக்கு அழைத்திருந்தது. அவர்களை விசாரணையின்றிக் காவலில் வைக்கப் பயன்பட்ட மிசா சட்டத்தில் 'நியாயமான காரணம்' என்ற சொற்களே இல்லை, அதிகாரி 'திருப்தி அடைந்தால்' என்றுதான் இருந்தது என்பதை நான் கவனித்தது மூன்றாவது வாசிப்பில். என் ஆய்வேட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய வாதம் அங்கிருந்துதான் பிறந்தது: அங்கே கடன் வாங்கப்பட்டது சொற்றொடரின் பொருள் அன்று, நீதிமன்றம் ஒதுங்கி நிற்கலாம் என்ற மனநிலை. கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவர் 1977இல் தலைமை நீதிபதியாக்கப்பட, அவர் பதவி விலகினார். 2017 ஆகஸ்டில், தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜபல்பூர் தீர்ப்பை நிராகரித்தபோது, அப்படி எழுதியவர்களில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட், 1976இன் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட் அவருடைய தந்தை.

எழுதும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அடிக்குறிப்புகளில் அரைப்புள்ளியும் சாய்வெழுத்தும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே கடைசி நான்கு நாட்கள் போயின. தேர்வுகள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுபவை. அதைக் கேட்டு எளிது என்று நினைத்தவர்கள், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று தேடுவதிலேயே முதல் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

ஆய்வேட்டுக்கு 71 கிடைத்தது. தேர்வாளரின் அறிக்கை ஒன்றரைப் பக்கம். பாராட்டு இரண்டு வரி; மீதியெல்லாம் மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றியது. ஆட்கின் சரி என்பது 1979க்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும், அதை நிறுவுவதற்கு இத்தனை பக்கங்கள் தேவையில்லை. ஆனால் கெட்ட எண்ணம் எதுவுமில்லாத நான்கு அனுபவசாலிகள், படையெடுப்புக்கு அஞ்சிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், அந்தச் சொற்களை அப்படிப் படித்ததற்கு என்ன நியாயம் கண்டார்கள் என்பதை ஆய்வாளர் அவர்கள் தரப்பில் நின்று ஓரிடத்தில்கூட எழுதிப் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தார். அது உண்மைதான். ஆட்கினை ஏழெட்டு முறை படித்திருந்த நான், அமர்வுக்குத் தலைமை தாங்கிய மாம் பிரபுவின் தீர்ப்பை மறுப்பதற்காக மட்டுமே படித்திருந்தேன். கட்டுரையாக வெளியிடுவதற்காக அந்த அத்தியாயத்தை இப்போது திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். மாம் பிரபுவின் தீர்ப்பில் நேற்று பாதிவரை வந்திருக்கிறேன், ஓரத்தில் இன்னும் ஒரு குறிப்பும் எழுதவில்லை.