ஏர்க்கொழு பட்ட இடம்: கொல்லிமலை அறப்பளீஸ்வரர் தரிசனம்

அறப்பளீஸ்வரரின் இலிங்கத் திருமேனியின் உச்சியில் ஒரு தழும்பு உண்டு. அர்ச்சகர் பூச்சரத்தைச் சற்றே விலக்கித் தீபத்தைத் தாழ்த்திக் காட்டியபோதுதான் அது என் கண்ணில் பட்டது. இந்த இடம் வயலாக இருந்த காலத்தில் உழுதுகொண்டிருந்த குடியானவர் ஒருவரின் ஏர்க்கொழு மண்ணுக்குள் எதிலோ மோதி நின்றதாகவும், அவர் குனிந்து பார்த்தபோது குருதி கசிந்ததாகவும், மண்ணை விலக்கியதும் இலிங்கம் வெளிப்பட்டதாகவும், அந்தக் காயமே இன்றும் தழும்பாக இருப்பதாகவும் தல வரலாறு சொல்கிறது. புற்றின் மேல் பசு பால் சொரிந்ததைக் கண்டு சுயம்பு மூர்த்தியை அறிந்த கதையைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். இங்கே உழவின் நடுவில், வேலையோடு வேலையாக இறைவன் கிடைத்திருக்கிறான். கொல்லிமலைக்கு நான் சித்தர்களையும் குகைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டவன். இரண்டு நாள் அங்கே சுற்றிய பிறகு, உழவர்களின் மலைக்கு உழவன் கண்டெடுத்த கடவுள் என்ற எண்ணத்தோடுதான் திரும்பினேன். ஆகவே இந்தப் பயணத்தைச் சொல்லும்போது விளைச்சலைப் பற்றிய பேச்சு அடிக்கடி குறுக்கிட்டால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வைகாசி தொடக்கத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நாமக்கல்லிலிருந்து புறப்பட்டோம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வரையில் சமவெளிதான். அடிவாரத்தில் நின்று பார்க்கும்போது மலை ஒரு சுவரைப் போல எழுந்து, உச்சியில் கூம்பாமல் தட்டையாக முடிவது தெரிகிறது. சதுரமாகத் தோன்றும் இந்த வடிவத்தால்தான் மலைக்குச் சதுரகிரி என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. அம்பலவாணக் கவிராயர் இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடிய சதகத்திலும் ‘சதுரகிரிவளர் அறப்பளீசுர தேவனே’ என்ற விளி பாட்டுக்குப் பாட்டு வருகிறது. விருதுநகர் மாவட்டத்தின் சதுரகிரி மகாலிங்கம் வேறு, இது வேறு என்பதைப் புதிதாக வருவோருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

காரவள்ளியிலிருந்து மேலேற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்பதால் பேருந்தில் இருக்கும் பிள்ளைகள் உரக்க எண்ணத் தொடங்குகிறார்கள். முப்பதைத் தாண்டும்போது பெரும்பாலும் குரல்கள் அடங்கி, எலுமிச்சம்பழங்கள் கைமாறத் தொடங்குகின்றன. எனக்கும் ஒரு பழம் தேவைப்பட்டது. அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருந்த காடு, ஏற ஏற அடர்ந்து குளிர்ந்து, சோளக்காட்டை நெருங்கும்போது உயரமான சில்வர் ஓக் மரங்களும் அவற்றைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகளும் அவற்றின் நிழலில் காப்பிச் செடிகளுமாக மாறிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற கடுங்குளிர் இங்கே இல்லை. வாழையும் பலாவும் காப்பியும் நெல்லும் ஒரே ஊரில் விளைவதற்கு இந்த நடுத்தர உயரமே காரணம்.

மேலே சென்றதும் நாம் நினைத்த மலை மறைந்து, மலைக்கு மேல் இன்னொரு நாடு தொடங்கிவிடுகிறது. ‘நாடு’ என்பதை உவமைக்காகச் சொல்லவில்லை. இங்குள்ள ஊராட்சிகளின் பெயர்களே வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்றுதான் வழங்குகின்றன. செம்மேடு இவற்றுக்கெல்லாம் தலைமையிடம். மலையின் பெரும்பான்மைக் குடிகளான மலையாளி மக்களைப் பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்வோர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறியதாகவும், அவர்களில் ஒருவர் வழியினரே தாங்கள் என்றும் அவர்களின் வழிவழிக் கதை சொல்கிறது. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பதை வரலாறாக நிறுவ முடியுமோ முடியாதோ, ஏர் பிடிக்கத் தெரிந்த கூட்டம் ஒன்று இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறது என்பதைப் பள்ளத்தாக்குகளின் படிவயல்களைப் பார்த்தாலே நம்பத் தோன்றுகிறது.

செம்மேட்டில் குதிரை மீது அமர்ந்திருக்கும் வல்வில் ஓரியின் சிலையைக் கும்பிட்டுவிட்டுச் செல்கிறவர்களைக் கண்டேன். கொல்லிமலையை ஆண்டவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவனுமான ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்: யானையை வீழ்த்திய அதே அம்பு புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். அத்தனை பெரிய வில்லாளியை முள்ளூர் மன்னன் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அந்தப் போரைக் குறிப்பிடும் அகநானூற்றுப் பாடல் கொல்லியைச் ‘செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி’ என்று சொல்கிறது. போரைப் பாட வந்த புலவருக்கும் பலாவைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. நாங்கள் சென்ற நாளில் வழிநெடுகப் பலாப்பழங்கள் குவிந்து கிடந்தன. வேரிலேயே காய்த்து மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த பழங்களைக் கண்டபோது ‘வேர்ப்பலா’ என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டி அரசு விழா எடுக்கிறது. அந்நாட்களில் அறப்பளீஸ்வரர் கோயிலிலும் கூட்டம் நெரியும் என்பதால், நிதானமாகத் தரிசிக்க விரும்புகிறவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம்.

கோயில் வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில் இருக்கிறது. தேவாரத்தில் தனிப் பதிகம் இல்லாமல் ‘அறைப்பள்ளி’ என்று பெயர் மட்டும் சுட்டப்பெறும் வைப்புத் தலம் இது. சோழர் காலக் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. வானளாவிய இராசகோபுரத்தை எதிர்பார்த்துச் செல்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மலையின் மடியில் அடக்கமாக அமைந்த கற்றளி அது. அருகிலேயே ஓடை. கால் அலம்பிக்கொண்டு நேரே உள்ளே போகப் பார்த்த என்னை, பொரி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் தடுத்தார்.

“முதல்ல மீனுக்குப் போடுங்க சாமி. அப்புறந்தான் உள்ள போகணும்.”

பொரியை இறைத்ததும் தண்ணீர் கறுத்துக் கொப்பளித்தது போல மீன்கள் திரண்டு வந்தன. இந்த ஓடை மீன்களை யாரும் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் யாரோ பிடித்து அறுத்த மீன்கள் இறைவன் அருளால் துண்டுகள் பொருந்தி மீண்டும் நீந்தின என்பது நம்பிக்கை. அறுத்த மீன் பொருந்தி விளையாடும் தலம் என்றே அறப்பள்ளியைப் போற்றுவார்கள். மீன்களையே இறைவனின் வடிவாகக் கருதி, முதல் படையலை அவற்றுக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஊரார் சந்நிதிக்குப் போகிறார்கள். நான் பொரிக்குக் காசு கொடுத்தபோது அந்த மூதாட்டி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சந்நிதிக்குள் அப்போது எங்களையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்திருப்போம். வில்வமும் விபூதியும் ஈரக் கல்லும் கலந்த மணம். நான் முன்பே சொன்ன அந்தத் தழும்பைத் தீப ஒளியில் பார்த்தபோது, கல்லில் ஒரு சிறு பள்ளம் என்று அறிவு சொல்வதற்கு முன்பே உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரர் தன் தலையைத் தொட்டுக்கொண்டு, “நம்ம ஏருதானுங்க பட்டது” என்றார். எத்தனையோ தலைமுறைக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை, நேற்றுத் தன் கையால் நேர்ந்துவிட்டதைப் போன்ற வருத்தத்தோடு அவர் சொன்னார். அம்பிகைக்கு அறம்வளர்த்த நாயகி என்று திருநாமம். அவள் முன் வைத்திருந்த தட்டில் எலுமிச்சையோடு ஒரு பிடி பச்சைத் தினைக் கதிரோ வேறெதுவோ இருக்குமென்று எதிர்பார்த்தேன். இருந்தது மலை வாழைச் சீப்புதான்.

தினை இல்லாததற்கான காரணத்தை அன்று மாலையே தெரிந்துகொண்டேன். இந்த மலையின் பழைய உணவு சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும். பள்ளத்து வயலில் நெல்லும், மழையை நம்பிய சரிவுகளில் சிறுதானியமும் என்று நிலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும் மாவு ஆலைகளும் கிழங்கை எவ்வளவு கொண்டு வந்தாலும் எடுத்துக்கொண்டன. கையில் ரொக்கம் கிடைத்தது. நியாய விலைக் கடையில் அரிசியும் கிடைத்தது. சாமையை உண்ண வேண்டுமானால் உரலிலிட்டு உலக்கையால் நெடுநேரம் குத்தி உமி நீக்க வேண்டும், அந்தப் பாடு முழுவதும் பெண்களுடையது. அவர்கள் சாமையைக் கைவிட்டதில் வியப்பதற்கோ குறை சொல்வதற்கோ ஒன்றுமில்லை. ஆனால் சரிவு நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறப்பட்டு, அடுத்த மழையில் மேல்மண் அடித்துச் செல்லப்படுகிறது. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சிறுதானிய விதைகளைக் காப்பதிலும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுவருவதிலும் உழைத்து வருகிறது. சிறுதானியத்தை மீட்பதற்கு மேடைப்பேச்சைவிட உமி நீக்கும் இயந்திரமே பயன்படும் என்பது, உலக்கை பிடித்த கைகளைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றியது. நாங்கள் தங்கிய வீட்டில் இரவு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினார்கள். விருந்தாளி என்பதால் வைத்தார்களா, வழக்கமாகவே உண்கிறார்களா என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஆகாய கங்கைக்கு இறங்கினோம். கோயிலுக்கு அருகே ஓடும் நீரே ஐயாறாகி, சிறிது தொலைவில் ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதன் அடிக்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். செங்குத்தானவை, நிழலில் பாசி படிந்தவை. இறங்கும்போது முழங்கால் நடுங்கும், ஏறும்போது மூச்சு வாங்கும். இதய நோயும் மூட்டு வலியும் உள்ளவர்கள் கோயிலில் கும்பிட்டதோடு நிறுத்திக்கொள்வதில் புண்ணியம் எதுவும் குறைந்துவிடாது. கோடை மழை சற்றுப் பெய்திருந்ததால் அருவி மெலிந்தும் இல்லை, மிரட்டவும் இல்லை. மூலிகை நீர் என்று சொல்லிக்கொண்டு தலையைக் காட்டியவர்களோடு நானும் நின்றேன். கோரக்கர், காலாங்கிநாதர் பெயரால் வழங்கும் குகைகள் இந்தப் பக்கத்துக் காட்டில்தான் உள்ளன. ஐயாறு இங்கிருந்து காட்டுக்குள் இறங்கிப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொட்டுத் திருச்சி மாவட்டத்து வயல்களுக்குப் போகிறது. மீன்களின் ஓடையில் நான் இறைத்த பொரி எங்கேனும் ஒரு வாய்க்காலைச் சேர்ந்திருக்கும் என்று விளையாட்டாக எண்ணிக்கொண்டேன். அந்த மீன்களின் பசியை நினைத்துப் பார்த்தால் ஒரு மணிகூடத் தப்பியிருக்காது.

எட்டுக்கை அம்மன் கோயிலையும் தரிசித்தோம். சங்கப் பாடல்களில் வரும் கொல்லிப்பாவையே இவள் என்பது மக்கள் நம்பிக்கை. சிரித்து மயக்கித் தீயோரை மாய்க்கும் பாவை என்ற கதையும், வேண்டுதலுக்கு ஆடு கோழியோடு வரும் குடும்பங்களும் அந்த இடத்துக்கு அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து முற்றிலும் வேறான ஒரு வேகத்தைத் தருகின்றன.

திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் இறங்கினோம். அன்னாசி, மலை வாழை, பலா, காப்பிக் கொட்டை, தேன், மிளகு. மிளகைக் கைநிறைய அள்ளி முகரச் சொன்னார் கடைக்காரர். தை, மாசியில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துப் பச்சைச் சரமாகப் பறித்து, உதிர்த்து, வெயிலில் சில நாள் காயவைத்தால் தோல் சுருங்கிக் கறுக்கிறது என்று விளக்கினார். கொடிக்குத் தாங்குமரம், காப்பிக்கு நிழல், வயதானபின் வெட்டி விற்றால் பணம் என்று அந்த ஒரே மரம் மூன்று வகையில் குடும்பத்துக்கு உதவுகிறது. வேற்றுநாட்டு மரமாயிற்றே, இருந்த காட்டு மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டதே என்ற குறை எனக்குண்டு. அதை அங்கே சொல்லவில்லை. அரைக் கிலோ மிளகு வாங்கிக்கொண்டேன்.

பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சந்தைக்குக் கீழே ஒரு சிறிய நிலத்தில் ஒருவர் மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தார். மரவள்ளிக் கரணை நடப்போகிறாரா, சாமை விதைக்கப்போகிறாரா என்று மேலிருந்து தெரியவில்லை. நடுச்சாலில் கொழு எதிலோ இடித்து ஏர் நின்றது. அவர் மாடுகளை அதட்டி நிறுத்திவிட்டு, மேழியை விட்டுக் குனிந்து, இரு கையாலும் மண்ணை விலக்கிப் பார்த்தார். நானும் என்னையறியாமல் எட்டிப் பார்த்தேன். கல்தான். அதை எடுத்து வரப்பின் மேல் வைத்துவிட்டு அவர் மறுபடியும் மேழியைப் பிடித்தார்.