ஹோல்புரூக்கில் 31 நாட்கள்

வண்டியை எங்கே நிறுத்தினாலும் நான் முதலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. இறங்கி, நாங்கள் குடியிருக்கிற டிரெய்லரைச் சுற்றி வந்து, நான்கு சக்கரங்களின் ஹப்பையும், அதாவது நடுக்குடத்தையும், புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். அப்பா சொல்லிக் கொடுத்தது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் அவர். "உள்ளங்கையில கொப்புளம் வந்துச்சுன்னா ஒரு வாரத்துக்கு ஸ்பேனர் புடிக்க முடியாது கண்ணு, புறங்கையில தொடு" என்பார். கூண்டே இல்லாத வெறும் சேஸியை, தலையில் ஹெல்மெட்டும் முகத்தைச் சுற்றித் துண்டுமாக ஒரு டிரைவர் எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்துவார். அப்பா அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு நேராகச் சக்கரத்துப் பக்கம்தான் போவார்.

2023 அக்டோபர் 16, திங்கட்கிழமை. நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியிலிருந்து காலையில் கிளம்பி, ஐ-40 சாலையில் சுமார் 210 மைல் மேற்கே வந்து, அரிசோனாவில் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா வாசலில் நிறுத்தினோம். வலது பின்சக்கரத்தை நெருங்கும்போதே கருகிய கிரீஸ் வாடை. கையைப் பக்கத்தில் கொண்டுபோனதுமே அனல் அடித்தது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்து வந்து பிடித்தேன். மற்ற மூன்று ஹப்பும் 105, 110 டிகிரி ஃபாரன்ஹீட். இது 260.

"ஏனுங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். அவருக்கு என் குரலிலேயே புரிந்துவிட்டது.

எங்கள் வீடு 26 அடி நீள டிராவல் டிரெய்லர். இரண்டு ஆக்சில், ஒவ்வொன்றும் 3,500 பவுண்டு தாங்கும். மகள் படித்து முடித்து வேலைக்குப் போனதும், 2022-ல் டல்லாஸ் பக்கம் இருந்த வீட்டை விற்றுவிட்டு இதில் குடியேறினோம். வேறு வீடு கிடையாது. தபால்கூட டெக்சாஸ் லிவிங்ஸ்டனில் இருக்கும் எஸ்கேப்பீஸ் என்ற, எங்களைப்போல வண்டியில் வாழ்பவர்களின் சங்கத்து முகவரிக்குத்தான் போகிறது. நாங்கள் இருக்கிற ஊர் சொன்னால் அங்கே அனுப்பி வைப்பார்கள். படங்களைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள் "குடுத்து வெச்சவங்க" என்று சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி வாழ்க்கை ஸ்பேனரும் கையுமாகப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெக்கானிக் பக்கத்து ஊரான ஹோல்புரூக்கிலிருந்து 25 மைல் வந்தார். நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர். தங்களை அவர்கள் 'தினே' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஹப் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் தட்டிக் கழற்றி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவினார். அப்புறம் நட்டைக் கையால் திருகிப் பார்த்தார், அசையவில்லை. ஸ்பேனர் போட்டார், அதற்கும் மசியவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரெய்லர் பேரிங்கில் அந்த நட்டை முதலில் ஓரளவு இறுக்கி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிறகு தளர்த்தி, கைவிரலால் மட்டும் திரும்ப முடுக்கி, பின் போட வேண்டும். ஸ்பேனரால் இறுக்கி அப்படியே விட்டால் உருளைகளுக்குச் சுழல இடமில்லாமல் போய்விடும். சூடாகும், கிரீஸ் உருகி ஓடும், கடைசியில் இரும்பும் இரும்பும் உரசும். எங்களுக்கு நடந்தது இதுதான். உள் பேரிங்கின் கூடு துண்டுதுண்டாக உதிர்ந்தது. உருளைகள் நீலம் பாரித்திருந்தன, மயில்கழுத்து நிறம். உள்வளையம் ஆக்சில் முனையோடு ஒட்டிப்போய் உளி வைத்து அடித்தும் வரவில்லை. மற்ற சக்கரங்களையும் பிரித்துப் பார்த்தார். இன்னும் இரண்டில் நட்டு அதே இறுக்கம். அந்த ஏப்ரலில்தான் வேறொரு மாநிலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 420 டாலர் கொடுத்து நான்கு சக்கரத்துக்கும் புதுக் கிரீஸ் வைத்திருந்தோம். நான் வெயிலாக இருக்கிறதென்று உள்ளே உட்கார்ந்திருந்தேன். கூடவே நின்று பார்த்திருக்க வேண்டும்.

முனை தேய்ந்துபோனதால் பேரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, முழு ஆக்சிலும் மாற்ற வேண்டும் என்றார். சரி, அதுவரை வீட்டை எப்படி ஊருக்குள் கொண்டுபோவது? அவரிடம் ஒரு வழி இருந்தது. தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தோம். அரிசி மூட்டை, கிரைண்டர், டூல் பெட்டி எல்லாவற்றையும் டிரெய்லரை இழுக்கும் எங்கள் பிக்கப் வண்டிக்கு மாற்றினோம். ஜாக்கி வைத்து அந்த ஆக்சிலின் வலது முனையைத் தூக்கி, சங்கிலியால் சேஸியோடு சேர்த்துக் கட்டி, சக்கரத்தைக் கழற்றிவிட்டார். மூன்று சக்கரத்தில், நாலு விளக்கும் மின்ன, 35 மைல் வேகத்தில் சாலை ஓரமாக ஊர்ந்தோம். அவர் பின்னாலேயே வந்தார். கண்ணாடியில் அவர் வண்டி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று இரவு அம்மா போனில் கேட்டாள்: "கண்ணு, கார் ரிப்பேருன்னா வீட்ல இருக்கலாம். வீடே ரிப்பேருன்னா நீ எங்க படுப்ப?"

இந்த வாழ்க்கையின் முழுச் சிக்கலும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பல ஒர்க்‌ஷாப்களில் காப்பீட்டுக் காரணம் சொல்லி ராத்திரி வளாகத்தில் தங்க விடமாட்டார்கள். அப்புறம் மோட்டலுக்குப் போக வேண்டும், அல்லது டென்ட். இவர் தங்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு இரவுக்கு 15 டாலர், மின்சாரத்துக்கு. சேஸிக்கு அடியில் நான்கு ஸ்டாண்ட் கொடுத்து, "உள்ளே ரெண்டு பேரும் மெதுவா நடங்க, அவ்வளவுதான்" என்றார். சாதாரண 15 ஆம்ப் பிளக்தான். ஹீட்டர் போட்டால் இண்டக்‌ஷன் அடுப்பு போட முடியாது. டிரெய்லர் நகர முடியாததால் கழிவுநீரை, சக்கரம் வைத்த ஒரு பெட்டியில் பிடித்து, பிக்கப்புக்குப் பின்னால் கட்டி, வாரம் இரண்டு முறை கொட்டிவிட்டு வருவார் எங்கள் வீட்டுக்காரர். நான் செய்வது மெடிக்கல் கோடிங் வேலை. கூரைமேல் ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் இருந்ததால் அது தடைப்படவில்லை.

ஆக்சில் என்பது கடையில் அடுக்கி வைத்திருக்கும் சாமான் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்க ஹப் முகத்திலிருந்து மறுபக்க ஹப் முகம் வரை ஓர் அளவு. ஒரு ஸ்பிரிங் நடுவிலிருந்து மற்ற ஸ்பிரிங் நடு வரை இன்னொரு அளவு. இரண்டையும் கொடுத்தால் அதற்கேற்பச் செய்து அனுப்புவார்கள். மெக்கானிக் டேப் பிடித்து இரண்டு தடவை அளந்தார், நான் நோட்டில் எழுதினேன். அல்புகர்க்கியில் ஒரு கடைக்கு ஆர்டர் போனது. பத்து வேலை நாள் என்றார்கள்.

அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது. கட்டைப் பிரித்தவுடனே அவர் முகம் மாறியது. முதல் அளவு சரி. ஸ்பிரிங் உட்காரும் இடம் இரண்டு அங்குலம் தள்ளியிருந்தது. என் நோட்டை எடுத்துப் பார்த்தோம், நாங்கள் கொடுத்தது சரிதான். கடைக்காரர் எழுதும்போது தவறியிருக்கிறது. உடனே போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை. எங்களுக்கு மணி நாலேகால். அங்கே ஐந்தேகால், கடை மூடியாகிவிட்டது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை நகர்த்துவதில்லை, நியூ மெக்சிகோ ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி நவம்பர் தொடக்கம் வரை அப்படியே வைத்திருக்கிறது. அதில் ஒரு நாள் போயிற்று. நவம்பர் முதல் தேதி அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் இருந்திருக்க வேண்டும் நாங்கள். அப்போது அங்கே அரசு நிலத்தில் 180 டாலருக்கு ஒரு பெர்மிட் வாங்கினால் ஏப்ரல் 15 வரை தங்க முடிந்தது. நண்பர்கள் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். 26 அடி வீட்டில் தனியாக அழ அந்த ஒரு இடம்தான் இருக்கிறது.

ஹோல்புரூக் கடல் மட்டத்துக்கு மேல் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. நவம்பர் பிறந்ததும் ராத்திரியில் குழாய் உறைந்தது. ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸின் விசிறி மட்டும் ஓடுகிறது, நெருப்புப் பற்றவில்லை. கேஸ் இருக்கிறது, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. மெக்கானிக்கை எழுப்ப மனமில்லாமல் நானே திறந்தேன். உள்ளே 'செயில் ஸ்விட்ச்' என்று ஒன்று உண்டு. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய மெல்லிய தகடு. விசிறிக் காற்று அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் கேஸ் திறக்கும். காற்று வருவதை உறுதி செய்துகொள்ளாமல் நெருப்பு வைக்காமல் இருக்க ஒரு காவல். டார்ச் அடித்துப் பார்த்தேன். தகட்டின் கம்பியைச் சுற்றி என் தலைமுடி, மூன்று நாலு இழை, போர்வைப் பஞ்சோடு சேர்ந்து திரிபோல முறுக்கிக்கொண்டிருந்தது. அதனால் தகடு பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஊக்கால் முடியை எடுத்து, பழைய டூத்பிரஷால் துடைத்து மூடினேன். டிக், டிக், அப்புறம் 'குப்' என்று பற்றிய சத்தம். சூடான காற்று காலில் பட்டதும் எங்கள் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போர்வையைத் தள்ளினார். அப்பா இருந்திருந்தால் உடனே போன் செய்திருப்பேன்.

நாள் ஆக ஆக மெக்கானிக் குடும்பத்தோடு பழக்கமாகிவிட்டது. அவர் மனைவி மலையில் பொறுக்கிய பின்யோன் என்ற பைன் மரக் கொட்டைகளை வறுத்துக் கொண்டுவந்து தருவார். பல்லால் மேலோட்டை உடைத்தால் உள்ளே முந்திரியும் எள்ளும் கலந்த ருசி. ஒரு நாள் அக்டோபர் 14-ஆம் தேதி கிரகணம் பற்றிப் பேச்சு வந்தது. நாங்கள் அல்புகர்க்கி பலூன் திருவிழா மைதானத்தில் நின்று அந்த நெருப்பு வளையத்தைப் பார்த்திருந்தோம். அவர்கள் பார்க்கவில்லை. கிரகணம் முடியும்வரை திரைச்சீலையை மூடி, சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், பேச்சைக் குறைத்து வீட்டுக்குள்ளேயே இருந்தார்களாம். நவஹோ நிலத்துப் பூங்காக்களையே அன்று காலை மூடிவிட்டார்களாம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் அம்மாவும் அப்படித்தான், சமைத்ததில் தர்ப்பைப் புல் போட்டு வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள் என்றேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா சொல்றதைக் கேட்டிருக்கணும்" என்றார். நான் இதை அம்மாவிடம் சொன்னபோது, முகம் தெரியாத அந்தப் பெண்மணிமேல் அவளுக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. இப்போதும் போன் செய்தால் அவரை விசாரிக்கிறாள்.

நவம்பர் 12 தீபாவளி. எங்கள் வாட்டர் ஹீட்டர் ஆறு கேலன், 22 லிட்டர் சொச்சம். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, இரண்டு பேரும் அதற்குள்ளேயே குளித்தோம். சோப்புப் போடும்போது தண்ணீரை நிறுத்திவிடப் பழகியிருக்கிறோம். பட்டறைக்குப் பின்னால் சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. பணியாரச் சட்டி என்னிடம் எப்போதும் உண்டு. வெல்லப் பணியாரம் சுட்டு ஒரு தட்டு நிறைய எடுத்துப் போனேன். அவர்களுடைய சின்னப் பையன் ஏழு சாப்பிட்டான்.

சரியான ஆக்சில் 14-ஆம் தேதி வந்தது. 15-ஆம் தேதி பொருத்தும்போது நான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைசி நட்டை என்னிடமே கொடுத்துக் கைவிரலால் முடுக்கச் சொன்னார். எவ்வளவு போதும் என்பது விரலுக்குத்தான் தெரியும், அதை எழுதிக் காட்ட முடியாது. ஆக்சில் 870, வந்துபோனதும் வேலையும் 640, மின்சாரம் 465. ஆக 1,975 டாலர். தேய்மானத்துக்குப் பொருந்தாது என்று காப்பீட்டில் கைவிரித்துவிட்டார்கள். ஏப்ரலில் கிரீஸ் வைத்த இடத்துக்குப் படங்களோடு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. இன்னும் வலிக்கிறது. பணத்தைவிட, 70 மைல் வேகத்தில் போகும் லாரிகளுக்கு நடுவே அந்தச் சக்கரம் கழன்று ஓடியிருந்தால் என்ற நினைப்பு.

16-ஆம் தேதி வியாழக்கிழமை காலை கிளம்பினோம். புதிதாகப் போட்ட சக்கரத்து நட்டுகளைப் பத்து, இருபத்தைந்து, ஐம்பது மைலில் திரும்ப, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாவது மைல் ஜோசப் சிட்டி. சாலையை விட்டு இறங்கி நிறுத்தினார். நான் போய் ஒவ்வொரு ஹப்பாகப் புறங்கையை வைத்தேன். நான்கும் ஒரே மாதிரி, இளஞ்சூடு. அவர் ரெஞ்சை நீட்டினார். வலது பின்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தேன்.