தீவாந்திரக் கைதிகளின் சுண்ணாம்புப் பூச்சு: நான்காவது பலகை

நான்காவது பலகையில்தான் மினுக்கம் வந்தது. ஓரடிக்கு ஓரடிதான். சாய்த்துப் பிடித்தால் ஜன்னல் கம்பி அதில் மங்கலாகத் தெரிகிறது. இதற்கு இரண்டரை மாதம் ஆகிவிட்டது.

நான் செய்து பார்ப்பது சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்ப்பூச்சு. 1856 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டு, 1861 அக்டோபரில் முதல் ஆராதனை நடந்த கட்டடம் அது. அதை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து தீவாந்திர தண்டனையில் கப்பலேற்றப்பட்ட கைதிகள். அவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த மேக்நேர் என்ற அதிகாரி பிற்காலத்தில் அந்தக் கலவையை எழுதி வைத்தார். மணல் கலக்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். இதற்கு 'மதராஸ் சுண்ணாம்பு' என்றே பெயர். காய்ந்தபின் படிகக்கல்லாலோ உருண்டைக் கல்லாலோ தேய்த்து, அவ்வப்போது மாக்கல் பொடி தூவி மெருகேற்ற வேண்டும். அளவுகளை நானே முடிவுசெய்துகொண்டேன்.

சுட்ட கிளிஞ்சலை வாங்கிவந்து இரும்பு வாளியில் நீற்றினேன். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் யாரும் கிட்டே போக வேண்டாம். நீறியதை வடிகட்டி, மேலே தண்ணீர் நிற்கும்படி மூன்று வாரம் மூடி வைத்தேன். இன்னொரு வாளியில் மட்டைகளை ஊறப்போட்டேன். பத்து நாளில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. நாற்றத்தை வீட்டில் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

முதல் பலகை மறுநாளே பாளம் பாளமாக வெடித்தது. இரண்டாவதை நிழலில் காயவைத்தும் அதே கதை. எங்கள் தெருமுனையில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவரிடம் எடுத்துப் போனேன். விரலால் கனம் பார்த்தார். "மணலே இல்லாம இவ்வளவு கனமா அப்பினா வெடிக்காம என்ன பண்ணும் தம்பி? கீழ மணல் காரை போட்டு இறுக விடு. மேல நகக்கனத்துக்கு இழு, போதும்" என்றார். சுண்ணாம்பு காயும்போது சுருங்கும். உள்ளே மணல் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். தாங்க ஒன்றும் இல்லாத கலவையைக் கனமாகப் பூசியதுதான் என் தவறு.

மூன்றாவது வெடிக்கவில்லை, ஆனால் அவசரப்பட்டு ஈரத்திலேயே தேய்த்து மேல்தோலை இழுத்துவிட்டேன். வெல்லத்தையும் கூட்டிவிட்டதால் இறுகவே நாளானது, எறும்பும் வந்தது. நான்காவதில் வெல்லத்தைப் பாதியாகக் குறைத்தேன். விரல் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தடம் பதியக் கூடாது. அந்தப் பதத்தில் ஆற்றுக் கூழாங்கல்லை எடுத்தேன்.

தேய்த்ததற்கு மட்டும் கணக்கு வைத்தேன்: இரண்டு நாளில் மூன்று மணி இருபது நிமிடம். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. பத்தடிக்குப் பத்தடி சுவர் என்றால், என் வேகத்தில் முந்நூறு மணி நேரத்துக்கு மேல். பழகிய கை இதைவிட வேகமாகவே போயிருக்கும், பாதி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் ஒரு சுவரின் பளபளப்புக்குள் எத்தனை நாள் உழைப்பு போயிருக்கிறது என்பது எனக்குக் கையால்தான் புரிந்தது. 'கைதிகளைக் கொண்டு கட்டப்பட்டது' என்ற ஒரு வரியை எத்தனையோ முறை வாசித்துக் கடந்திருக்கிறேன். இனி அப்படிக் கடக்க முடியாது.

அவர்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? சுமத்ராவின் பென்கூலனுக்கு 1787 முதலே கிழக்கிந்தியக் கம்பெனி கைதிகளை அனுப்பி வந்தது. 1824 பிரிட்டிஷ்-டச்சு ஒப்பந்தத்தில் அந்த ஊர் டச்சுக்காரர்களுக்குப் போனதால், கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். 1825 ஏப்ரல் 18 அன்று முதலில் வந்து இறங்கியவர்கள் மதராஸ் கைதிகள் 80 பேர். ஒரு வாரத்தில் வங்காளத்திலிருந்து தண்டனை பெற்ற 122 பேர் வந்தார்கள். பிறகு பம்பாய் மாகாணத்தாரும் சேர்ந்தார்கள். அதனால் தேவாலயச் சுவரைப் பூசியவர்கள் தமிழர்கள்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கலவையின் பெயர் மதராஸ் உடையது. வெள்ளைக்கருப் பூச்சு செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கைக்கு வழுக்குகிறது. ஊரையும் உறவையும் பறித்துக் கடல்தாண்டி அனுப்பியவர்கள், அந்த மனிதர்களோடு வந்த தொழிலறிவை மட்டும் வேண்டுமட்டும் எடுத்துக்கொண்டார்கள். கலவையைச் சொல்லும் பத்தியில் பூசியவர் ஒருவர் பெயர்கூட இல்லை. அது என்னை மிகவும் உறுத்துகிறது.

1873-இல் சிங்கப்பூர்க் கைதி முகாம் மூடப்பட்டது. அந்தமான் கைதி முகாம் அதற்கு முன்பே, 1858-இல், தொடங்கிவிட்டது.

ஐந்தாவது பலகைக்கு நேற்று மட்டை ஊறப்போட்டேன். இந்த முறை கூழாங்கல்லை விட்டுப் படிகக்கல். கொத்தனார் ஐயா தேய்க்கும் நாளன்று தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கைக்கு ஓரடிச் சதுரம் எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.