அது நீராவி அல்ல

2022ஆம் ஆண்டின் இறுதியில் சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து, ஊருக்கு வெளியே உள்ள செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலன் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். கொண்டுவந்த பொருள்களில் முதலில் தீர்ந்தது சிகரெட். இங்கே ஒரு பாக்கெட் 17 வெள்ளிக்கு மேல். ரிங்கிட்டை இவ்வூர்த் தமிழர் வெள்ளி என்றே சொல்வார்கள் என்பதையும் அந்தப் பாக்கெட்டை வாங்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். உணவகங்களில் 2019 முதல் புகைக்கத் தடை இருப்பதால், கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, சாக்கடையோரம் ஒரு கையில் தே தாரிக் என்னும் பால் தேநீரும் மறு கையில் சிகரெட்டுமாக நின்றுதான் இவ்வூரில் எனக்கு முதல் நண்பர்கள் கிடைத்தார்கள்.

இருபது ஆண்டுப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று தோன்றிய நாளில், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கைப்பேசி உறை விற்கும் தம்பியிடம் மாம்பழ மணமுள்ள வேப் (மின்சிகரெட்) ஒன்றை வாங்கினேன். "இது வெறும் ஸ்டீம்தாண்ணே, ஒன்னும் பண்ணாது" என்றான். நீராவியோடு பிழைப்பு நடத்துகிறவனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஆலையில் பழக்குலைகளை ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தில் நீராவியில் வேகவைக்கிறோம். நீராவி பட்ட கண்ணாடி காய்ந்தால் துடைத்ததுபோல் இருக்கும். நான் தங்கியிருந்த அறையின் சன்னல் கண்ணாடியிலோ, ஒரு மாதத்தில் விரலால் கோடு இழுக்கும் அளவுக்குப் பிசுபிசுப்பு படிந்திருந்தது. வேப் திரவத்தில் உள்ள கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் சூடாகி நுண்துளிகளாக வெளிவருவதுதான் அந்த வெண்மேகம். அதற்குள் நிக்கோட்டினும், தின்பதற்கென்று அனுமதிக்கப்பட்டு நுரையீரலுக்குள் இழுத்து நெடுங்காலம் சோதிக்கப்படாத மணப்பொருள்களும் இருக்கின்றன.

ஆனால் அது புகையும் அல்ல. செம்பனைப் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் எரிக்கும் எங்கள் உலையில் காற்று போதாவிட்டால் புகைபோக்கி கறுக்கும், கார்பன் மோனாக்சைடு கூடும். சிகரெட் என்பது எந்நேரமும் காற்றுப் போதாமல் எரியும் சிறு உலை. வேப்பில் எரிதலே இல்லை. அதனால் தாரும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறைய ஒழிகின்றன. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்ற வாதம் முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது. கடைக்காரர்கள் சொல்லும் "95 விழுக்காடு பாதுகாப்பு" இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்தது. சிகரெட்டோடு ஒப்பிட்டு நிபுணர்கள் போட்ட மதிப்பீடு அது, அளந்து கண்ட எண் அல்ல. புகைக்காத பையனுக்கு அதில் எந்தச் செய்தியும் இல்லை.

நான் செய்த தவறு வேறு. ஆலைக்குள் வேப், சாப்பாட்டுக்குப் பின் சிகரெட் என்று இரண்டையும் வைத்துக்கொண்டு, பாதி விட்டுவிட்டதாக நம்பினேன். அரசுச் சுகாதாரக் கிளினிக்கின் புகைநிறுத்தப் பிரிவில் (உள்ளூர்க்காரருக்கு ஒரு வெள்ளி, எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டணம் வேறு) மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளக்கும் கருவியொன்றில் மூச்சை அடக்கி ஊதச் சொன்னார்கள். 17 என்று காட்டியது. "வேப்புக்கு இவ்வளவு வராது, நீங்க இன்னும் சிகரெட் குடிக்கிறீங்க ஐயா" என்றார் மருந்தாளர். சிகரெட்டை முழுவதுமாக நிறுத்தி ஐந்து வாரம் கழித்து ஊதியபோது 2.

இங்கிலாந்தில் 886 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வைப் பற்றி அவர்தான் சொன்னார். ஓராண்டு முடிவில் வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 விழுக்காட்டினரும், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் 9.9 விழுக்காட்டினரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். ஆனால் வேப்பால் விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் அப்போதும் வேப்பை விடவில்லை. அவர்களுக்கு முதல் சில வாரங்கள் வாரந்தோறும் ஆலோசனை கிடைத்தது, தொடக்கத்தில் தரப்பட்ட திரவத்தில் நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம். என் மாம்பழக் குழலின் அடியில் 50 என்று அச்சிட்டிருந்தது. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட விடாமல் இழுத்து, விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து, தலை சுற்றி, தண்ணீர்த் தொட்டியோரம் வாந்தியெடுத்தபோது அந்த எண்ணின் பொருள் விளங்கியது. அதன்பின் மருந்தாளர் சொற்படி, நிரப்பிக்கொள்ளும் கருவிக்கு மாறி, நிக்கோட்டினின் அளவைப் படிப்படியாகக் குறைத்து வந்தேன்.

சட்டமும் என் கண்ணெதிரே மாறியது. 2023 மார்ச் 31இல் மலேசிய அரசு திரவ நிக்கோட்டினை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கத் தடை விதிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1இல்தான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, பள்ளிச் சீருடையில் வந்து வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என்னைப் போன்ற பழைய புகைகாரனுக்கு வேப் உதவும் என்று வாதிட்டவர்கள் அந்தப் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஊரில் மனைவிக்கு வேறு கவலை. 2019இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பழுதாகிப் பலர் இறந்த செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவற்றுள் பெரும்பாலானவை கஞ்சாச் சத்துள்ள திரவத்தில் வைட்டமின் இ அசிட்டேட் கலந்ததால் நேர்ந்தவை என்று விளக்கினேன். "நீங்க வாங்குறதுல என்ன கலந்திருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களை இந்நாட்டுப் போலீசார் பிடிக்கும் செய்தியை நானே நாளிதழில் படித்திருந்தேன்.

இந்தியாவில் 2019 முதல் இக்கருவியை விற்பதும் கொண்டுவருவதும் குற்றம் என்பதால், சென்ற பொங்கல் விடுப்புக்குக் கிளம்பியபோது அதை ஆலையின் அலமாரியில் பூட்டிவிட்டு, 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்துடன் திருச்சியில் இறங்கினேன். மூன்று வாரம் சமாளித்தேன். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால், திரவம் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. அதைக் கொட்டினேன். ஆனாலும் புதுப் புட்டி வாங்கினேன். இரவு ஷிப்டில் இன்னும் எடுக்கிறேன். அதன் அடியில் இருக்கும் எண் 3. மருந்தாளர் அடுத்த சந்திப்புக்கு அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.