41 பால்ரஸ் குண்டுகள்

சாலையில் பள்ளம் வந்தால் போதும், ஹேண்டில்பாருக்கு அடியில் ‘டொக்’ என்று ஓசை கேட்கும். நேராக ஓட்டும்போது ஹேண்டில் நடுவில் எதிலோ மாட்டிக்கொண்டது போல நிற்கும். ஹேண்டில் திரும்பும் இடத்தில், மேலும் கீழும் உள்ள கிண்ணங்களுக்குள் பால்ரஸ் குண்டுகள் உருளும் அமைப்புதான் கோன்செட். அது தேய்ந்துவிட்டது என்று சொல்ல வேறு அடையாளம் வேண்டாம். அப்பா 20 ஆண்டுகள் ஓட்டிய 100 சிசி வண்டி அது. இந்த முறை முன்பக்கத்தை நானே பிரித்து நானே பூட்டுவது என்று முடிவெடுத்தேன்.

பிரிக்கும்வரை கையேடு நன்றாகத் துணை வந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் போட்ட படம் இருந்தது. பூட்டும் பகுதிக்கு வந்தால் ஒரே வரிதான்: ‘பிரித்த வரிசைக்கு எதிர்வரிசையில் பூட்டவும்.’ முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை ஹேண்டிலோடு இணைக்கும் தண்டான ஸ்டெம்மைக் கீழே இறக்கியபோது பால்ரஸ் குண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. உதிர்ந்ததற்கு எதிர்வரிசை எது? தரையில் பழைய வேட்டியை விரித்திருந்ததால் ஒன்றும் உருண்டோடவில்லை. எண்ணினேன், 41. மண்ணெண்ணெயில் கழுவிய பிறகுதான் அவை இரண்டு அளவுகள் என்பது தெரிந்தது: கால் அங்குலக் குண்டுகள் 19, அதைவிடச் சிறியவை 22.

எது மேலே, எது கீழே? வண்டியின் பாரமும் சாலையின் அடியும் முதலில் கீழ்க்கிண்ணத்துக்குத்தான் வருகின்றன; ஆகவே பெரியவை கீழே என்று நினைத்தேன். பெரிய குண்டை மேல்கிண்ணத்தின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. நினைத்தது சரிதான். ஆனால் முன்பு எவராவது ஒன்றிரண்டைத் தொலைத்திருந்தால்? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதிய கோன்செட் வாங்கப் போனபோது கடைக்காரரிடம் கேட்டேன். “கிண்ணத்தை நெருக்கி நிரப்பாதீர்கள் தம்பி. எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கினால், இன்னொரு குண்டு நுழையப் பார்த்து நுழையாத அளவுக்கு இடம் மிஞ்ச வேண்டும்” என்றார். வீட்டில் அப்படியே வைத்துப் பார்த்தேன். இரண்டு கிண்ணங்களிலும் கணக்கு ஒத்துப்போனது.

பழைய கிண்ணத்தில் விரலை ஓட்டினால் முன்புறமும் பின்புறமும் வரிசையாகக் குழிகள் தட்டுப்பட்டன. ஹேண்டில் நடுவில் மாட்டியதற்கு அவைதான் காரணம். புதுக்கிண்ணத்தின் மேல் பழையதைக் கவிழ்த்து வைத்துத் தட்டி இறக்கினேன். சுத்தியல் புதியதைத் தொடவே இல்லை. கெட்டியான கிரீஸைத் தாராளமாகப் பூசிக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தேன். தங்கை ஸ்டெம்மைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, மேலே வளைய நட்டைப் பூட்டினேன்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். அந்த நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதிலேயே ஒரு நாள் போயிற்று. முதலில் நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இருபுறமும் பலமுறை திருப்பிக் குண்டுகளை உட்கார வைத்தேன். பிறகு தளர்த்தி, ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கினேன். ஹேண்டில் வெண்ணெய் போலத் திரும்பியது. ஃபோர்க் கால்களை மேலே பிடித்திருக்கும் மேல்தட்டை வைத்து அதன் பெரிய நட்டை முடுக்கியதும் மறுபடி விறைத்துக்கொண்டது! மேலிருந்து வரும் அழுத்தம் மரைகளில் இருக்கும் சிறு இடைவெளியையும் மூடி, வளைய நட்டை இன்னும் கீழே தள்ளுகிறது. அதனால் இறுதி முடுக்கலுக்கு இடம் கொடுத்து, முன்னதாகவே ஒரு மயிரிழை தளர்வாக விட வேண்டும். நான்காவது முயற்சியில்தான் அமைந்தது.

சோதிக்கும் முறையும் கையேட்டில் இல்லை. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தினேன். கேபிள்களை இன்னும் மாட்டவில்லை. மாட்டினால் அவை இழுத்து ஏமாற்றும். ஹேண்டிலை விரலால் லேசாகத் தொட்டால், அது தன் எடையிலேயே இருபக்கமும் கடைசிவரை சாய வேண்டும். ஃபோர்க் கால்களின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ‘டொக்’ வரக் கூடாது. இரண்டும் சேர்ந்து வந்தால்தான் சரி.

சக்கரம் மாட்டும்போது ஒன்றை மறக்கவே கூடாது. டிரம் பிரேக் தட்டில் உள்ள காடியில் ஃபோர்க் காலின் முளை நுழைந்திருக்க வேண்டும். நுழையாமல் ஆக்சிலை முடுக்கிவிட்டால், பிரேக் பிடித்ததும் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. கையேடு இதைக் கொட்டை எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும். ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு இன்றும் கோபம்தான். காடியைக் கண்ணால் பார்த்து, விரலால் தடவியும் உறுதி செய்தேன். முன்பிரேக்கைப் பிடித்தபடியே ஆக்சில் நட்டை இறுக்கினேன். அப்போதுதான் பிரேக் தட்டு நடுவில் அமர்கிறது. பிறகு வண்டியைத் தரையில் நிறுத்தி, ஹேண்டிலை நாலைந்து முறை அழுத்தி எழுப்பினேன். ஃபோர்க் தானாக நேரானதும், தளர்வாக விட்டிருந்த பிடிப்பு போல்ட்டுகளைக் கீழிருந்து மேலாக இறுக்கினேன்.

முதல் ஓட்டத்தில் ஓசையே இல்லை. சுமார் 300 கிலோமீட்டர் ஓடிய பின் லேசாகத் திரும்ப வந்தது. புதுக்கிண்ணங்கள் முழுமையாகப் படிந்திருந்தன. மேல் நட்டைத் தளர்த்தி, வளைய நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பி, மறுபடி முடுக்கினேன். அதன் பிறகு பள்ளங்களில் டயரின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.